வைகுண்டராஜ் விலை ஏற்றாத நாள்

போடி கடைவீதியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதன் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் தங்கச்சி புருஷன் வைகுண்டராஜைக் கைகாட்டும். நான் குருசாமி. அதே ஊரில் ஏலக்காய் தரம் பிரிக்கிற களம் வைத்திருக்கிறேன். தங்கச்சி பூமாரியைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவன் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் அவனைப் பற்றி எழுத எனக்கு முழு உரிமை இருக்கிறது.

அவன் தொழில் ஏலம் எடுப்பது. டெல்லி பார்ட்டி போனில் சரக்குச் சொல்லும், இவன் கூடத்தில் உட்கார்ந்து எடுத்து அனுப்புவான். அப்போது கம்ப்யூட்டர் ஏலமெல்லாம் வரவில்லை. மேஜைகளைச் சுற்றி வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். சாம்பிள் தட்டு கைமாறி வரும். ஒருவர் காயைப் பிளந்து மோந்து பார்ப்பார், ஒருவர் கடித்துப் பார்ப்பார், பார்த்து முடித்த காயைத் தரையில் கொட்டிவிட்டு வாயால் விலையை ஏற்றுவார்கள். கூடம் முழுக்கக் காலடியில் ஏலக்காய் நொறுங்கும். வருஷக்கணக்கில் இதே வேலையாக இருந்தால் மனிதன் என்ன ஆவான்? ஒரு தொகை காதில் விழுந்தால் அதற்கு மேலே ஒன்று சொல்லாமல் வைகுண்டராஜால் இருக்க முடியாது. கீரைக்காரி ஒரு கட்டுக்கு விலை சொன்னால் பழக்கதோஷத்தில் கூட ஒரு ரூபாய் கேட்டுவிடுவான். ஒரு தடவை எங்கள் தெரு ஜாஸ்பர் வாத்தியார் கூப்பிட்டாரே என்று அவர்கள் சர்ச்சில் அறுவடைப் பண்டிகை ஏலத்துக்குப் போனான். ஒரு பூசணிக்காயை ஆட்டுக்குட்டி விலைக்கு எடுத்துக்கொண்டு வந்தான். எதிர்த்துக் கேட்டது யார் என்று பூமாரி விசாரித்தாள். கடைசி இரண்டு தடவை யாருமே கேட்கவில்லையாம், இவனாகத்தான் தன் விலைக்கு மேலே ஏற்றியிருக்கிறான். அடுத்த வருஷம் சபைக்காரர்கள் முதல் அழைப்பிதழை அவனுக்குத்தான் கொடுத்தார்கள்.

இப்பேர்ப்பட்டவனுக்கு, கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு பெண் பிறந்தது. ஊரில் அந்த வருஷம் பிறந்த பெண்பிள்ளைகளில் பாதிக்கு வைத்த பெயரையே இவனும் வைத்தான், சிம்ரன். நாலு வயசாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பாது. டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். வேண்டியது கிடைக்காவிட்டால் ஒரு கத்துக் கத்தும் பாருங்கள், சில்லமரத்துப்பட்டிக்குக் கேட்கும். காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். பிள்ளை டாக்டர் நிதானமாகப் பார்த்துவிட்டு, தேனியில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது, நடத்தைப் பயிற்சி கொடுக்கிறார்கள், உடனே கொண்டுபோய்ச் சேருங்கள் என்றார்.

என் வேனில்தான் போனோம். போகும்போது வைகுண்டராஜ் என்ன நினைத்துக்கொண்டு வந்தான் என்று எனக்குத் தெரியும். கெட்டுப்போன மோட்டாரை ரிப்பேருக்குக் கொடுக்கிற மாதிரி பிள்ளையைக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் சரிபண்ணிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பூமாரி மட்டும் ஊசி போடுவார்களோ என்று பயந்தாள்.

ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஜான்சி மிஸ் என்று ஒரு சின்ன வயசுப் பெண், பழனிசெட்டிபட்டிக்காரர், தரையில் பாயை விரித்து சிம்ரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை அங்கே இருந்த பாசிமணியை டம்ளர் விட்டு டம்ளர் கொட்டினால் இவரும் கொட்டினார். இடையிடையே எங்களிடம் கேள்வி. எப்போது கத்துகிறாள், கத்துவதற்கு முன்னாடி என்ன நடந்தது, கத்தின பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே.

மூன்றாவது வாரம் வைகுண்டராஜ் பொறுமை இழந்துவிட்டான். "மிஸ், கோவிச்சுக்கிறாதீக. வெளையாடவா போடியிலருந்து டீசல் ஊத்திக்கிட்டு வர்றோம்?"

"பிள்ளைய முதல்ல நான் தெரிஞ்சுக்கிறணும்ணே," என்றார் அந்தப் பெண், கொஞ்சமும் கோபப்படாமல். "அவ அடம்பிடிக்கல. கேக்குறதுக்கு அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வழி கத்துறதுதான். அதைவிடச் சுளுவா ஒரு வழி கத்துக்குடுப்போம். வேணும்னா கைய நீட்டணும். நீட்டுன உடனே குடுத்துரணும். கத்துனா குடுக்கக் கூடாது. வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். மொதல்ல கத்துறது கூடும், பெறகுதான் கொறையும்."

"கூடும்னா எம்புட்டுக் கூடும்?" அவனுக்குள் இருந்த வியாபாரி கேட்டான்.

"அதைச் சொல்ல முடியாதுண்ணே. பேச்சு எப்ப வரும்னும் நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி."

விலையும் சொல்லாமல் கெடுவும் சொல்லாமல் சரக்கு கொடுக்கிற கடையை அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

பாடம் தொடங்கியது. சிம்ரனுக்குப் பிடித்த மணி டம்ளரை மிஸ் கையில் வைத்துக்கொண்டார். பூமாரி பின்னால் உட்கார்ந்து, பிள்ளையின் கையை மெதுவாகப் பிடித்து நீட்டிக் காட்ட வேண்டும். நீண்டதும் மிஸ் "தா! கேட்டுட்டாளே!" என்று சந்தோஷமாகச் சொல்லி மணியைக் கொடுப்பார். இரண்டு தடவை சரியாகப் போயிற்று. மூன்றாவது தடவை பிள்ளை கையை இழுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. மிஸ் பேசாமல் காத்திருந்தார். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டாக் குடுங்க மிஸ்!"

மிஸ் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிள்ளை இன்னும் கொஞ்சம் கத்தியது.

"டம்ளரோட குடுத்துருங்க!"

"அண்ணே, சத்தம் போடாதீங்க."

பிள்ளை அப்பன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு இப்போது அவன் சட்டைப் பையைப் பார்த்தே கத்தியது. வைகுண்டராஜின் கை சட்டைப் பைக்குள் போனது. முதலில் பிஸ்கட் வந்தது, பிறகு கிரீம் பிஸ்கட், பிறகு, வேனுக்குப் பின்னால் தனியாக ஓட்டி வந்திருந்த ஸ்கூட்டரின் சாவி. "வா ஆத்தா, வீரபாண்டி வரைக்கும் ஒரு ரவுண்டு போவம்!"

ஜான்சி மிஸ் எழுந்து வந்தார். "அண்ணே, பிள்ளைமேல தப்பே இல்ல. நீங்க மொதல்ல சொல்றது கடைசி விலை இல்லன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். பொறுத்திருந்து கத்துனா ஏறும்னு தெரிஞ்சுதான் கத்துறா. நீங்க அவளுக்கு ஏலம் கத்துக்குடுத்திருக்கீங்க. கொஞ்ச நாளைக்கு வெளிய உக்காருங்க. ஏத்தாம இருக்கப் பழகிட்டு உள்ள வாங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. செருப்பு விடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தான்.

சும்மா உட்கார்ந்தானா என்றால் அதுவும் இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தான். பிள்ளை அவன் தலையைக் கண்டதும் கத்தியது, மிஸ் ஜன்னலைச் சாத்தினார். அடுத்த வாரம் ஸ்கூட்டர் சீட்டின்மேல் ஏறி வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தான். ஸ்கூட்டருக்குப் பொறுக்கவில்லை, சாய்ந்துவிட்டது. முழங்கை சிராய்த்துக் கிடந்தவனுக்கு மிஸ் வெளியே வந்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய திட்டு யாரும் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் அந்த மாசம் நரகம்தான். மிஸ் சொன்ன மாதிரியே கத்துவது கூடியது. பூமாரி பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், ஆனால் கொடுக்க மாட்டாள். பால்காரி பவுனு வாசலில் நின்று, "பச்சப் புள்ளைய இப்படி அலற விடுறீகளே, நீங்கள்லாம் மனுசரா?" என்று தெருவைக் கூட்டினாள். நான்தான் போய்ச் சண்டை போட்டேன். சண்டைக்கு நான் எப்போதும் தயார். அப்புறம் பூமாரி அவளைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். பவுனு ஒரு டம்ளரில் பாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை கத்தியது, ஓய்ந்தது, பவுனுவைப் பார்த்தது, கையை நீட்டியது. அன்றிலிருந்து பவுனு தானே அந்த வித்தையைக் கண்டுபிடித்த மாதிரி தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்படி மெல்ல மெல்ல, நல்ல நாளும் கெட்ட நாளுமாக, சிம்ரன் கை நீட்டப் பழகிவிட்டாள். மிஸ்ஸிடம் நீட்டினாள், அம்மாவிடம் நீட்டினாள், மாமன் என்னிடம் நீட்டினாள். வைகுண்டராஜ் வாசலில் நுழைந்தால் மட்டும் பழைய கத்து. அவனிடம்தான் கத்தினால் விலை ஏறுமே! அவனும் ஒவ்வொரு நாளும் இன்றைக்கு ஏற்ற மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு வருவான். பிள்ளை முகம் சிவந்ததும் பலகாரப் பொட்டலம், பொம்மை, ஸ்கூட்டர் என்று வரிசையாக ஏறிவிடும்.

ஒரு நாள் தேனியில் அந்தச் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்து அவன் சொன்னான். "மச்சான், பால்காரிகிட்டக் கூட நீட்டுறா. ஏங்கிட்ட மட்டும் கத்துறா. நான் யாரு மச்சான் அவளுக்கு? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஏங்கிட்டக் கைய நீட்டிட்டான்னா போதும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒத்திகை பார்ப்போம் வா என்று களத்துக்குக் கூட்டிப் போனேன். நான் பிள்ளை, அவன் அப்பன். அவன் சட்டைப் பையில் இருக்கிற பேனா எனக்கு வேண்டும். நான் தரையில் உட்கார்ந்து காலை உதைத்துக் கத்தினேன். காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சுளகைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க நின்றான். உதட்டைக் கடித்தான். நான் இன்னும் ஒரு சுருதி ஏற்றினேன்.

"பேனா வேணாம் மச்சான், வாச்சு தாரேன்!" என்று கழற்றியே விட்டான்.

அய்யம்மாள் அங்கே மூத்த கை, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "அண்ணாச்சி, நிறுத்திறாதீக. இன்னுங் கொஞ்சம் கத்துங்க, மோதிரம் வரும்," என்றாள். அன்றைக்குக் களத்தில் வேலை நடக்கவில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நான் கத்தினால் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டான், பிள்ளை கத்தினால் முடியவில்லை. பெற்றவனுக்கும் மற்றவனுக்கும் அதுதானே வித்தியாசம்.

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்தது ஞாபகம் இருக்கும். ஊரில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பூமாரிக்கும் வந்து, கை கால் மடக்க முடியாமல் படுத்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்து ஏலம். டெல்லி பார்ட்டி ஒரு குறிப்பிட்ட லாட்டுச் சரக்கைச் சொல்லி, அதை விட்டால் இனிமேல் உனக்கு வேலையே இல்லை என்று காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் சிம்ரனையும் கூட்டிக்கொண்டு போனோம். கூடத்துக்கு வெளியே வராந்தாவில் நான் பிள்ளையை வைத்துக்கொள்வது, அவன் உள்ளே போய் லாட்டை எடுத்துவிட்டு ஓடி வருவது என்று ஏற்பாடு.

என் ஏற்பாடு எது நின்றிருக்கிறது? கதவு திறந்தபோது அப்பன் கையில் சாம்பிள் தட்டு இருப்பதையும், அவன் காயைக் கலகலவென்று உருட்டுவதையும் பிள்ளை பார்த்துவிட்டது. என் கையை உதறிக்கொண்டு ஒரே ஓட்டம். நான் பின்னால் ஓடுவதற்குள் அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்று, தட்டைப் பார்த்து ஆரம்பித்துவிட்டது.

ஏலக் கூடத்தில் அப்படி ஒரு கத்தை யாரும் கேட்டதில்லை. ஏலம் கூறுகிறவரே நிறுத்திவிட்டார்.

பக்கத்து மேஜை பாண்டியராஜன் நல்ல மனுசன்தான். "அழுகாத ஆத்தா, மாமா சாக்லேட்டு தாரேன்," என்றார்.

அவ்வளவுதான். கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒவ்வொருவனும் வைகுண்டராஜ் ஜாதிதானே! "பெரிய சாக்லேட்டு!" என்றது பின்மேஜை. "ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்!" என்றது ஜன்னலோரம். "பொம்மை!" "பேசுற பொம்மை!" முத்துவீரன் தன் புது செல்போனையே எடுத்து நீட்டினார். அதற்கும் மேலே, "கடைவீதிக்குக் கூட்டிட்டுப் போயி சைக்கிள் எடுத்துத் தாரேன்!" என்று ஒருவர் எழுந்தேவிட்டார். பிள்ளைக்குப் புரிந்ததோ இல்லையோ, குரல்கள் ஏற ஏற அவள் கத்தும் ஏறியது. காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

வைகுண்டராஜ் எழுந்து நின்றான். அவன் வாயைத் திறக்கிறான் என்றதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். லாரி தருகிறேன் என்பானோ, வீட்டை எழுதித் தருகிறேன் என்பானோ.

"ஏத்தாதீகய்யா!" என்று கத்தினான். "கும்புட்டுக் கேக்குறேன், யாரும் ஏத்தாதீக! எல்லாரும் ஒரு வார்த்த பேசாம இருங்க!"

சைக்கிளுக்கு எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். அவன் தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான், கொட்டிக் கிடந்த காய்களுக்கு நடுவில், வேட்டி அழுக்காகுமே என்ற நினைப்பே இல்லாமல். தட்டை மடியில் வைத்துக்கொண்டான். பிள்ளை கத்தினாள். அவன் பேசவில்லை. இன்னும் கத்தினாள். அவன் சட்டைப் பை உப்பலாகத்தான் இருந்தது, உள்ளே பிஸ்கட் இருப்பது எனக்கே தெரிகிறது. கை அந்தப் பக்கம் போகவில்லை.

ஏலம் கூறுகிறவர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? மெதுவாக அடுத்த லாட்டைச் சொன்னார். டெல்லி பார்ட்டி கேட்ட அதே லாட்டு. பாண்டியராஜன் ஒரு விலை சொன்னார். வழக்கமாக அந்த விலை முடிவதற்குள் வைகுண்டராஜ் குரல் மேலே ஏறி நிற்கும். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, லாட்டு!" என்றேன் காதோரம்.

திரும்பவில்லை. ஏலம் கூறுகிறவர் ஒரு தரம் என்றார், இழுத்து இழுத்து இரண்டு தரம் என்றார், மூன்றாவது தரம் சொல்லவே அவருக்கு மனசு வரவில்லை. பாண்டியராஜன்கூட, "கேளுங்க வைகுண்டராஜு, நான் விட்டுர்றேன்," என்றார். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. லாட்டு பாண்டியராஜனுக்கே முடிந்தது. இவன் இமைகூட அசைக்கவில்லை. அசைத்தால் அதையும் ஒரு ஏற்றமாகப் பிள்ளை எடுத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

சிம்ரன் கடைசியாக ஒரு உச்சத்துக்குப் போய்விட்டு நிறுத்தினாள். விக்கல் வந்தது. மூக்கைக் கையாலேயே துடைத்துக்கொண்டாள். தட்டைப் பார்த்தாள். அப்பன் கையைப் பார்த்தாள். பிறகு, அதுவரைக்கும் அவள் செய்யாத ஒன்றாக, அப்பன் முகத்தைப் பார்த்தாள்.

கையை நீட்டினாள்.

கண் மூடித் திறப்பதற்குள் அந்த உள்ளங்கையில் ஒரு சிட்டிகை ஏலக்காய் விழுந்தது. "தாரேன் ஆத்தா, கேட்டுட்டியே," என்று அவன் சொன்னான். பிள்ளை அந்தக் காயைத் தட்டில் கலகலவென்று கொட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கையை நீட்டியது. அவன் மறுபடி அதே ஒரு சிட்டிகை கொடுத்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சைக்கிள் தருகிறேன் என்றவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். எனக்கு வெட்கமில்லை, நான் சத்தமாகவே அழுதேன்.

ஏலம் முடிந்து கூடம் காலியாகிவிட்டது. கூட்டுகிற அம்மாவாசி விளக்குமாறோடு வந்து, எழுந்திருங்க அண்ணாச்சி என்றார். மேஜைமேல் வைத்திருந்த செல்போன் டெல்லி, டெல்லி என்று துள்ளிக்கொண்டிருந்தது. நான் அதைக் கொண்டுபோய் அவன் காதருகே நீட்டினேன். அவன் முழங்கையால் தள்ளிவிட்டான்.

"அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க மச்சான்," என்றான், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "பாப்பா ஏங்கிட்டக் கேக்குறா."